மூணு சீட்டும் ஒரு சரித்திரமும்

(வாலிகண்டபுரம் வாசகர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பகலெல்லாம் வெங்காயக் காட்டிலே குனிந்து நிமிர்ந்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். தடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசி உங்களைத் தூங்கவைக்கும் உத்தேசம் நமக்கில்லை. ஒரே இரவில் படித்துமுடித்துச் சிரிக்கக்கூடிய ஒரு சின்ன நாவலைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சந்தையிலே மூணு சீட்டு ஆடுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். சிலர் காசைப் பறிகொடுத்தும் இருப்பீர்கள். அப்பேர்ப்பட்டவனை வைத்து வைக்கம் முகம்மது பஷீர் 1951-ல் மலையாளத்திலே எழுதியதுதான் 'முச்சீட்டுகளிக்காரன்டெ மகள்'. ஒற்றைக்கண்ணன் போக்கர் சீட்டுக்காரன். அவன் மகள் சைனபாவை விரும்புகிறவன் மண்டன் முத்தபா. தொழில் ஜேப்படி, பெயருக்கேற்ற மண்டு. அப்பன் சம்மதிக்கவில்லை. அந்த மண்டுவோ போக்கரை அவனுடைய சீட்டு வித்தையிலேயே தோற்கடிக்கிறான்! ஊரே வாய் பிளக்கிறது. சூட்சுமம் மகளுடையது. என்ன சூட்சுமம் என்று சொல்லிவிட்டால் நீங்கள் புத்தகத்தைத் தொடமாட்டீர்கள், ஆகவே சொல்லப்போவதில்லை.

இந்தச் சில்லறைச் சங்கதியைப் பஷீர் ராஜாக்களின் யுத்தத்தை எழுதுவதுபோல எழுதுகிறார். தம்மையே எளிய சரித்திரக்காரன் என்று சொல்லிக்கொள்கிறார். அது வெறும் வேடிக்கையா? 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஊர்ப் பக்கத்திலே மோதிக்கொண்டதைச் சரித்திரப் புத்தகம் சொல்கிறது. அந்தப் பட்டாளங்களுக்குச் சோறாக்கியவன் பெயரைச் சொல்கிறதா? குதிரைக்குப் புல்லறுத்தவன் பெயரைச் சொல்கிறதா?

நம்முடைய குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். உழைப்பாளியைப் பற்றிய கதையென்றால் அவன் அழவேண்டும், இல்லாவிட்டால் முஷ்டியை உயர்த்தவேண்டும் என்று நெடுங்காலம் எதிர்பார்த்தோம். அவன் சிரித்தால் பொறுப்பற்ற எழுத்து என்றோம். தவறு! களத்துமேட்டிலும் டீக்கடை பெஞ்சிலும் பண்ணையாரைப்போலப் பேசிக்காட்டிச் சிரிக்காத கூலிக்காரன் எங்கே இருக்கிறான்? அழுகிறவனைப் பார்த்து மேலே இருப்பவன் இரக்கப்படலாம், காசும் போடலாம். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவனை என்ன செய்வான்?

எல்லாச் சிரிப்பையும் நாம் ஏற்கவில்லை. சினிமாவிலே வேலைக்காரனை வழுக்கி விழவைத்து எசமான் சிரிக்கிற சிரிப்பு வேறு. பஷீர் 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்திலே சிறை சென்றவர். பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து, சமையல், காவல், பத்திரிகை விற்பனை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். அவர் தம் ஆட்களின் பக்கத்திலே உட்கார்ந்து சிரிக்கிறார். அவருடைய இன்னொரு சிறு நாவலிலே பொன்குரிசு தோமா என்று ஒருவன். மாதா கோயில் பொன் சிலுவையைத் திருடியவன். கர்த்தரை அறைந்தது மரச்சிலுவையிலே, பிறகு கோயிலுக்குப் பொன் சிலுவை எதற்கு என்கிறான் அவன். இதற்கு எந்தப் பண்டிதர் பதில் சொல்வார்?

அவருடைய 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலைக் குளச்சல் மு. யூசுப் தமிழிலே தந்திருக்கிறார். நொடித்துப்போன வீட்டிலே உட்கார்ந்து, தன் தகப்பனாரின் யானையைப் பற்றி ஓயாமல் பெருமையடிக்கும் ஒரு தாய். கடைசியிலே தெருப்பிள்ளைகள் அந்த யானையைக் குழியானையாக்கிவிடுகிறார்கள்!

அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறோம். பள்ளிப்பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும், பெரியவர்கள் கேட்கலாம். தாத்தாவுக்கு யானை இருந்ததாகச் சொல்லும் வீடு இந்த ஊரிலும் உண்டு. எந்த வீடென்று நாம் சொல்லமாட்டோம்.