சதிர் யாருடையது? தென்னேரி கிளைக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியது



1991 ஆகஸ்ட். கோர்பச்சேவைக் கவிழ்க்க மாஸ்கோ ரோட்டுல டாங்கி வந்து நிக்குது. டிவியைப் போட்டா 'அன்ன ஏரி' பாலே நடனம் ஓடுது! ஜார் மன்னர்கள் காசுல வளர்ந்த கலை, சோவியத் அரசோட பெருமையாகி, கடைசியில நடக்கிறதை மறைக்கிற திரையாவும் ஆச்சு.

அது ரஷ்யா, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. இங்கேயும் யார் ஆடலாம், எங்கே ஆடலாம்னு அதிகாரம்தான் முடிவு பண்ணுச்சு.

தஞ்சைப் பெரிய கோயில்ல ராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினார். ஆளுக்கொரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தர் பேரும் கல்வெட்டுல இருக்கு. பிறகு மராட்டியர் அரண்மனையில தஞ்சை நால்வர் சதிருக்கு ஒழுங்கு அமைச்சாங்க. வெள்ளைக்காரன் தஞ்சாவூரை எடுத்துக்கிட்டதும் அந்த ஆதரவு போச்சு.

பொட்டுக்கட்டுற வழக்கம் ஒழிஞ்சது நியாயம். அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. அதுக்காகப் போராடின டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ரெண்டு பேருமே இசை வேளாளர் குடும்பத்துல பிறந்தவங்க. வலி தெரிஞ்சவங்க பேசினாங்க. 1947-ல சட்டம் வந்துச்சு. பொட்டுக்கட்டுறது மட்டுமில்ல, கோயில்ல பெண்கள் ஆடுறதும் குற்றமாச்சு.

ஆனா அதே காலத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. வக்கீல் இ. கிருஷ்ணய்யர் சதிரைக் காப்பாத்தணும்னு வாதாடினார். மியூசிக் அகாடமி மேடை கொடுத்துச்சு. 'பரதநாட்டியம்'ங்கிற பேர் நிலைச்சுது. ருக்மிணி தேவி 1935-ல அடையாறுல ஆடினாங்க, அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா. அவங்களை நடனத்து பக்கம் திருப்பினது ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாங்கிறது கூடுதல் சேதி. பின்னாடி மாநிலங்களவை நியமனமும் கிடைச்சுது. அவங்க உழைப்பைக் குறை சொல்லலை. ஆனா பரம்பரையா ஆடின பெண்கள்ல பலருக்கு மேடையும் இல்ல, மானியமும் இல்ல. சொந்தப் பிள்ளைங்களுக்கே சொல்லிக்கொடுக்கத் தயங்கினாங்க. கலைக்கு மரியாதை வந்தப்போ கலைக்காரி வெளியே நின்னா.

தப்பிச்சு நின்ன ஒருத்தர் பாலசரஸ்வதி. அவங்க அரங்கேற்றம் எங்கே தெரியுமா? நம்ம காஞ்சிபுரத்துல, அம்மன் கோயில்ல, 1925-ல. அப்போ வயசு ஏழு! வாலாஜாபாத் வழியா பஸ் ஏறினா போயிடற ஊரு. நம்ம பசங்க எத்தனை பேருக்கு இது தெரியும்? சிருங்காரத்தை ஆபாசம்னு ஒதுக்கக் கூடாதுன்னு கடைசிவரை சண்டை போட்டவங்க அவங்க. 1977-ல பத்ம விபூஷண் வாங்கினாங்க.

இன்னிக்கு சிவராத்திரிக்குக் கோயில் கோயிலா நாட்டியாஞ்சலி நடக்குது. நல்லா நடக்கட்டும். ஒரு காலத்துல அதே மாதிரி பிரகாரத்துல ஆடக் கூடாதுன்னு நிறுத்தப்பட்ட பெண்களோட பேத்திகளுக்கு அங்கே எத்தனை இடம்னு கேளுங்க. கலை மானியத்துலயும் அரசு இசைப்பள்ளி வேலையிலயும் நட்டுவனார், இசை வேளாளர் குடும்பங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு கேளுங்க. நம்ம பக்கத்துல நடன வீடியோ போடுற தம்பி தங்கச்சிங்க, பாடம் யாரோட பரம்பரைன்னு விசாரிச்சு அந்தப் பேரையும் சேர்த்துப் போடுங்க.