வருத்தமும் வைத்தியமும்: கொங்கு நாட்டில் ஈழ ஏதிலியர் நலவாழ்வு



காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஈழத்துப் பாட்டி, "பிள்ளைக்கு வருத்தம், டொக்டர்" என்றுதான் சொல்வார். கோவையில் படித்து அப்போதுதான் பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒரு கணம் திகைக்கக்கூடும். தமிழ்நாட்டில் வருத்தம் மனத்துக்கு வருவது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் அது உடம்புக்கு வருவது. அங்கே நோய்க்குப் பெயரே வருத்தம், நோயாளி வருத்தக்காரர். கொங்குப் பக்கத்தில் இதையே "ஒடம்புக்குச் சொகமில்லீங்க" என்பார்கள்.

ஏதிலியர் முகாமில் இந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எது உடம்பின் வருத்தம், எது மனத்தின் வருத்தம் என்று அங்கே எளிதில் பிரித்துவிட முடியாது. இன்றைய சொற்பொழிவின் பொருள் அதுதான்.

வந்தவர்கள்

இலங்கையில் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் படகேறியவர்கள் இராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாக அனுப்பப்பட்டார்கள். 1990லும், 1996க்குப் பிறகும், 2006இல் போர் மறுபடி மூண்டபோதும் மீண்டும் மீண்டும் வந்தார்கள். மொத்தம் 3,04,269 பேர் என்கிறது தமிழ்நாடு அரசு. பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குச் சென்றார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் தரப்பட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிந்து 34,087 பேரும் வாழ்ந்தார்கள்.

கொங்கு நாட்டுக்கு இவர்கள் தொலைதூரத்து மக்கள் அல்லர். சிறுவாணி சாலையில் பூலுவபட்டி, மேட்டுப்பாளையத்தில் வேடர் காலனி, பொள்ளாச்சிப் பக்கம் கோட்டூர், ஈரோட்டில் பவானிசாகர், அறச்சலூர், கரூரில் இராயனூர் என்று முகாம்கள் இருக்கின்றன. பூலுவபட்டியிலிருந்து காந்திபுரம் வரும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் முகாம்காரராக இருக்கலாம்.

கோவைக்கும் இடம்பெயர்ந்த நினைவு ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் பரவியபோது வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள் இந்த நகரத்து மக்கள். நகரின் பல மூலைகளில் இன்றும் விளக்கெரியும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் சாட்சி. கொட்டகை வாழ்க்கை சில மாதங்களில் முடிந்தது, மக்கள் வீடு திரும்பினார்கள். முகாம்காரர்களுக்கு அந்தச் சில மாதங்கள் நாற்பது ஆண்டுகளைத் தொட்டுவிட்டன.

திறந்திருக்கும் கதவு

தமிழ்நாடு செய்த நல்லதை முதலில் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதுமிடத்தில் பெயர், வயது, ஊர் கேட்பார்கள், குடியுரிமை கேட்பதில்லை. பிரசவமும் தடுப்பூசியும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எப்படியோ அப்படியே முகாம் பெண்ணுக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் முகாம்வாழ் இலங்கைத் தமிழரையும் சேர்த்துக்கொண்டது. மற்றவர்களுக்கு உள்ள வருமான வரம்பு அவர்களுக்கு இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும் இந்த அட்டை, இதயத்திலோ சிறுநீரகத்திலோ நோய் வந்தவரின் உயிரைக் காக்கிறது.

முகாமுக்குள் இருந்தே எழுந்த உழைப்பும் உண்டு. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் புனர்வாழ்வுக் கழகம், ஏதிலியர் நடுவிலேயே நலவாழ்வுத் தொண்டர்களைப் பயிற்றுவித்தது, தாய்சேய் ஊட்டத்தில் கவனம் வைத்தது.

கதவுக்கு இப்பால்

மருத்துவமனை நோயைத்தான் பார்க்கும். நோய் விளையும் இடம் வேறு.

பத்துக்குப் பத்து அடி அறை, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், வரிசையில் நிற்க வேண்டிய கழிப்பறை: பல முகாம்களில் இரண்டு தலைமுறை இப்படித்தான் வளர்ந்தது. காசநோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. 2021இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். அதை வீட்டுவசதித் திட்டமாக மட்டும் பார்க்கக் கூடாது. அது ஒரு பொதுச் சுகாதாரத் திட்டமும்கூட. 'அகதிகள் முகாம்' என்ற பலகை 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியதும் அப்போதுதான்.

அடுத்தது வேலை. முகாம் ஆண்களில் பலர் பெயிண்டர்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, அந்தத் தூசியைச் சுவாசித்து, தின்னர் நெடியில் நின்று, கயிற்றிலும் சாரத்திலும் தொங்கிக் கோவையின் அடுக்குமாடிகளுக்கு நிறம் ஏற்றுகிறார்கள். நாள்கூலிக்குப் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. கிடைப்பதில்லை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் காப்பீட்டு அட்டை அறுவைச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு படுத்திருக்கும் ஆறு மாதத்துக்கு வீட்டில் அடுப்பெரிவது குடும்பத்தலைவருக்கு 1,500, பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று மாதந்தோறும் வரும் உதவித்தொகையில்தான்.

'செக்கிங்' நாள் என்று ஒன்று உண்டு. அன்று அதிகாரிகள் முன் எல்லாரும் நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் நெடுநாள் சிகிச்சையில் இருப்பவருக்கு அனுமதி வாங்கி, தாள் காட்டி, பதில் சொல்லியாக வேண்டும். நோயோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. போரில் பறிகொடுத்தவர்களின் நினைவு, நாளை எங்கே என்று தெரியாத நிலை, பிள்ளை படித்தும் அரசு வேலை இல்லை என்ற ஏக்கம், இவை எந்த ஸ்கேனிலும் தெரியாது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்றுதான் ஓ.பி. சீட்டில் எழுதப்படும்.

முகாமுக்கு வெளியே பதிந்து வாழ்பவர்களின் நிலை இன்னும் மெலிது. காப்பீட்டு விதியில் உள்ள சொல் முகாம்வாழ்வோர் என்பதே. வாடகை வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் நிழல் தருவதில்லை.

சலுகையா, உரிமையா?

1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலியருக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழரைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. அது ஆறுதல்தான், ஆனால் குடியுரிமை ஆகாது.

ஆயினும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு உயிருக்கான பாதுகாப்பைக் குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை, எவருக்கும் என்றே சொல்கிறது. 1996 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா ஏதிலியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட வங்காள விவசாயக் கூலி ஒருவரைப் படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியிருந்தன. உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது 21ஆம் பிரிவை மீறுவதே என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஏதிலியரின் மருத்துவ உரிமை அங்கேயே இருக்கிறது. அதைத் தெளிவாக எழுதித் தரும் சட்டம்தான் இன்னும் வரவில்லை.

எழுதித் தராத உரிமை எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதை வெளிநாட்டுத் தமிழர் அனுபவம் காட்டுகிறது. கனடா 2012இல் ஏதிலியர் மருத்துவ உதவியை வெட்டியது. 2014இல் நீதிமன்றம் அதைக் கொடுமை என்று கண்டித்தது. 2016இல்தான் முழு உதவி திரும்பியது. ஜெர்மனியில் 1993 சட்டப்படி, தஞ்சம் கோருபவருக்குத் தொடக்க காலத்தில் திடீர் நோய்க்கும் வலிக்கும் பிரசவத்துக்கும்தான் முழுச் சிகிச்சை. ஆஸ்திரேலியாவில் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பம் கிறிஸ்துமஸ் தீவில் அடைக்கப்பட்டது. 2021 ஜூனில் அவர்களின் சின்னப் பெண், நான்கு வயது நிறையும் முன்பே, இரத்தத்தில் நோய்த்தொற்றோடு பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டாள். அந்தக் குடும்பத்தை மீட்கப் போராடியவர்கள் பிலோவீலா ஊர்மக்கள்.

கொங்கு நாடு செய்யக்கூடியது

கேரளத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் நகரம் கோவை. இதே மாவட்டத்தில் இருக்கும் பூலுவபட்டிக்கும் வேடர் காலனிக்கும் மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் ஒருவரை அனுப்புவது இந்த நகரத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பெரிய சுமை ஆகாது. பெயிண்டர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் சோதனை, முகக்கவசம், சாரத்தில் இடுப்புக் கயிறு ஆகியவற்றைக் கட்டுமான நிறுவனங்களே தரலாம். வெளிப்பதிவில் வாழும் குடும்பங்களையும் காப்பீட்டு விதிக்குள் கொண்டுவர ஓர் அரசாணை போதும். ஏதிலியர் சட்டம் டெல்லியில்தான் ஆக வேண்டும். அதைக் கேட்கும் குரல் இங்கிருந்து போகலாம்.

முகாமில் பிறந்த மூன்றாம் தலைமுறை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஓ.பி. வரிசையில் பாட்டி "வருத்தம்" என்று சொல்ல, பேத்தி "பாட்டிக்கு ஒடம்பு சொகமில்லீங்க டாக்டர்" என்று எடுத்துச் சொல்கிறாள். சீட்டில் ஊர் என்று இருக்கும் இடத்தில் அவள் பூலுவபட்டி என்றே எழுதுகிறாள்.