நீலக் குழந்தைகளின் மருத்துவர் ஹெலன் டாசிக்

குழந்தைகளின் இதய நோய்க்கெனத் தனி மருத்துவத் துறை உருவாக அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர், அமெரிக்க மருத்துவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஹெலன் டாசிக். 1898-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியரின் மகளாகப் பிறந்த அவர், பெண்களுக்கு மருத்துவப் பட்டம் அளிக்க அப்பல்கலைக்கழகம் அந்நாளில் மறுத்துவந்தமையால், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று 1927-இல் பட்டம் பெற்று, 1930-இல் அங்கேயே குழந்தைகள் இதய நோய்ப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். இதய ஒலியைக் கேட்டே நோயறிய வேண்டிய அத்துறையில் அவருக்குச் செவித்திறன் குன்றியது. ஆகவே குழந்தையின் மார்பில் விரல் வைத்து அதிர்வை உணர்ந்து நோயை அறியப் பழகிக்கொண்டார்.

அவர் கருத்தை ஈர்த்தவர்கள் 'நீலக் குழந்தைகள்' எனப்பட்டோர். அதாவது, பிறவிக் குறைபாட்டால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாமல், உதடும் நகமும் நீலம் பாரித்து, சில அடி நடப்பதற்குள் மூச்சிரைத்துக் குந்திவிடும் குழந்தைகள். கருவில் மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து, பிறந்தபின் தானே மூடிக்கொள்ளும் சிறு குழாய் ஒன்று உண்டு. அது திறந்திருக்கும்வரை இக்குழந்தைகள் ஓரளவு தேறியிருப்பதையும், மூடியதும் நலிவதையும் கண்ட டாசிக், அத்தகைய வழியொன்றை அறுவையால் அமைக்கலாகாதா எனக் கேட்டார். எளிய கேள்விதான்; ஆனால் பாஸ்டனின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ் அதற்கு இணங்கவில்லை.

இணங்கியவர் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக். அவருடைய ஆய்வுக்கூட உதவியாளரும், கல்லூரிப் படிப்பில்லாத கறுப்பினத்தவருமான விவியன் தாமஸ், நாய்களிடம் பலமுறை செய்து பார்த்து முறையைச் செம்மைப்படுத்தினார். 1944 நவம்பர் 29 அன்று, கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முதல் அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் பின்னே நின்று வழிகாட்டியவரும் தாமஸே. அந்த முதல் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது; ஆனால் மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் நீல உதடுகள், அறுவை மேசையிலேயே செந்நிறம் பெற்றன. 'பிளேலாக்-டாசிக் இணைப்பு' என்று வழங்கிய அம்முறையின் பெயரில் தாமஸுக்கு நெடுங்காலம் இடமில்லாது போனது, அந்நாட்டு மருத்துவ உலகின் நிறவெறிக்குச் சான்று.

தாய்மார் உட்கொண்ட தாலிடமைடு என்னும் உறக்க மருந்தால் ஜெர்மனியில் கைகால் குறைபட்ட குழந்தைகள் பிறப்பதை 1962-இல் நேரில் ஆராய்ந்து, தம் நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்து, மருந்துச் சட்டம் இறுகவும் டாசிக் துணைநின்றார். இத்தகையவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முழுப் பேராசிரியர் பதவி அளித்தது 1959-இல்தான். அப்போது முதல் அறுவை நடந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் கடந்திருந்தன.