பல் சொல்லும் பழங்கதை



திருகோணமலைக்கு வடக்கே, சல்லிக் கரையில் அந்தி சாயும் வேளையில் அண்ணாந்து பார்ப்போர்க்கு வௌவால்கள் புலப்படும். பெரியவை பழமரம் நாடிச் செல்லும். சிறியவை பூச்சிகளைத் துரத்தித் திரியும். இவ்விரண்டின் வேற்றுமையைப் பற்களே தெளிவாய்க் காட்டும். பூச்சி தின்னியின் மேற்கடைவாய்ப் பல்லில் 'டபிள்யூ' என்னும் ஆங்கில எழுத்தை ஒத்த கூரிய முகடு உண்டு. அது வண்டின் ஓட்டைக் கத்தரிபோல் நறுக்கும். பழந்தின்னியின் கடைவாய்ப் பல்லோ தாழ்ந்து மழுங்கியது. கனியை நசுக்கிச் சாறு பிழிவதற்கே ஏற்றது.

வௌவாலின் எலும்பு மெல்லியது. மண்ணில் எளிதிற் சிதையும். பல்லே நெடுங்காலம் நிலைக்கும். குஜராத்தில், சூரத்துக்கு அண்மையிலுள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறத்தாழ 5 கோடியே 40 இலட்சம் ஆண்டுப் பழைமை வாய்ந்த பற்களும் தாடைத் துண்டுகளும் கிடைத்தன. அசோக் சாஹ்னி முதலிய இந்திய அறிஞரும் அயல்நாட்டு அறிஞரும் அவற்றை ஆராய்ந்து, அங்கே ஏழு வகை வௌவால்கள் வாழ்ந்தன என 2007இல் வெளியிட்டனர். இன்றைய பூச்சி தின்னிகளின் பற்களோடு ஒப்பிட்டதனால் அவற்றின் உணவும் பூச்சியே என்பது தெளிவாயிற்று.

எனினும், பல் உணவைச் சொல்வதுபோல் உறவைச் சொல்லிவிடுவதில்லை. பழந்தின்னிகள் பல்லாலும் பழக்கத்தாலும் வேறானவை. ஆதலின் அவற்றைத் தனிப் பிரிவாகவே வைத்திருந்தனர். மரபணு ஆய்வோ, பூச்சி தின்னும் குதிரைலாட வௌவால்கள் அவற்றுக்கு நெருங்கிய உறவினர் எனக் காட்டிற்று.

சிறியதென்று எதனையும் எறிந்துவிடலாகாது. வேறாகத் தோன்றுவதெல்லாம் அயலென்று துணிந்துவிடவும் ஆகாது.