நாற்பதில் நம் கண்கள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நாற்பதைத் தாண்டிய பெரியவர்கள் பத்திரிகையைக் கைநீட்டிப் பிடித்து வாசிப்பதையும், ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுவதையும் நம் வீடுகளில் நாள்தோறும் காண்கிறோம். இதனை வெள்ளெழுத்து என்கிறோம். மூப்போடு எல்லோருக்கும் வருவது இது. ஆனால் அதே வயதில் ஓசையின்றி நுழையும் வேறொரு நோயும் உண்டு. அதுவே குளுக்கோமா. வெள்ளெழுத்து தன் வரவைத் தானே சொல்லிவிடும். குளுக்கோமா சொல்லாமலே பார்வையைப் பறிக்கும். ஆதலால், முன்னது வரும் வேளையிலேயே பின்னதையும் தேடிப் பார்த்துவிட வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இதுவே.

கண்மணிக்குப் பின்னே பளிங்கு போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. அதனைச் சுற்றி மெல்லிய இழைகளும் ஒரு தசை வளையமும் உள்ளன. அருகிலுள்ள பொருளைப் பார்க்கையில் தசை சுருங்கும், இழைகள் தளரும், வில்லை திரண்டு தடிக்கும். இதனை 1855இல் ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். வயது ஏற ஏற வில்லை இறுகிப்போகிறது. தசை தன் வேலையைச் செய்தாலும் வில்லை இணங்குவதில்லை. வாசிப்புக் கண்ணாடி அக்குறையை ஈடு செய்கிறது.

கண்ணாடிதானே என்று இதனை அற்பமாக எண்ணலாகாது. 2017இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்கு உடனே கண்ணாடி வழங்கினர். மற்றவர்க்கு ஆய்வு முடிந்தபின் வழங்கினர். முதற்சாரார் பறித்த கொழுந்தின் நிறை, மற்றவரோடு ஒப்பிடுகையில் சுமார் 22 வீதம் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்தின் நிறைக்கேற்ப வருமானம் ஏறி இறங்கும் நம் மலைநாட்டில் இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

நிற்க, குளுக்கோமாவுக்கு வருவோம். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறி, ஓரத்திலுள்ள மூலை வழியாக வடிகிறது. வடிகால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவதுபோல, கண்ணுள்ளும் அழுத்தம் ஏறும். பொதுவாக அது 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரச அளவில் இருக்கும். அழுத்தம் ஏறினால் மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நசியும். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு. ஆகவே நரம்பையும் பார்த்தல் வேண்டும். முதலில் ஓரப் பார்வையே போகிறது. நேரே தெரிவது தெளிவாகவே இருப்பதால் நோயாளி அறிவதில்லை. நசிந்த நரம்பு மீண்டும் துளிர்க்காது. மருந்துத் துளியும் லேசரும் சத்திரசிகிச்சையும் எஞ்சிய பார்வையைக் காக்க வல்லன. போனதை மீட்க வல்லன அல்ல.

இவ்விரண்டுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. மூப்பினால் தடிக்கும் அதே வில்லை, சிலருக்கு முன்னே தள்ளி வடிகால் மூலையை அடைத்துவிடுகிறது. அப்போது கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றல் ஆகியன நேரலாம். இவை கண்டால் அன்றைக்கே வைத்தியசாலை செல்ல வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் மூன்றில் நாற்பது வயதும் அதற்கு மேலுமான 5,150 பேரைச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்குக் குளுக்கோமா இருந்தது. அதிகம் காணப்பட்ட வகையினருள் நூற்றுக்கு 93 பேருக்குத் தம் நோய் அதுவரை தெரியாது! நம் கண்டி மாவட்டக் கிராமங்களிலும் 2006–2007இல் கண் ஆய்வு நடந்தது. பார்வைக் குறைவுக்கு முதற்காரணம் கண்புரை என அது காட்டிற்று. வடிகால் மூலை ஒடுங்கியவர்களையும் அது கணக்கெடுத்தது. கண்புரையால் மங்கிய பார்வையைச் சத்திரசிகிச்சையால் மீட்கலாம். குளுக்கோமாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பெரியோர்களே, வாசிப்புக் கண்ணாடியைத் தெருவோரத்தில் வாங்கி அணிந்து, காரியம் முடிந்தது என்றிருந்துவிடாதீர்கள். கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ குளுக்கோமா இருந்தால் இன்னும் விழிப்பு வேண்டும். வைத்தியர் சொல்லாத ஸ்டீரொய்ட் துளிகளை விடாதீர்கள். அவை அழுத்தத்தை ஏற்றக்கூடும். வைத்தியர் தந்த துளிகளை, நோவில்லை என்று நிறுத்தாதீர்கள்.

தோழர்களே, நமக்கும் ஒரு பணி உண்டு. கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறினால் கண்டி தேசிய வைத்தியசாலை தூரமன்று. ஆனால் படிவத்தை வாசிக்க இயலாமலும், ஒரு நாட் கூலி போகுமே என்றும், துணைக்கு ஆளில்லை என்றும் தயங்குவோர் நம்மிடையே பலர். நாம் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் ஒரு பெரியவரையேனும் கைபிடித்து அழைத்துச் செல்வோம். நம்மை எழுத்தறிய வைத்தவர்கள் எழுத்தைக் காண முடியாமற் போக விடலாமா?

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு என்பது நம் பழமொழி. கண் உள்ளபோதே செய்வோம்.