கிளினிக் புத்தகத்தில் பெற்றோரின் பங்கு

பிள்ளை பிறந்ததும் கையில் தரப்படும் சுகாதார விருத்திப் பதிவேட்டைத் தடுப்பூசித் தேதி பார்க்க மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். அதிலுள்ள வரைபடத்தில் மருத்துவமாது வைக்கும் ஒற்றைப் புள்ளி பெரிதாக எதுவும் சொல்லாது. மூன்று மாதமாக ஏறாமல் படுத்துக் கிடக்கும் கோடோ, பிள்ளை மெலிவது நம் கண்ணுக்குத் தெரியுமுன்பே சொல்லிவிடும். உயரம் குறைந்தாலோ, "அப்பன் குள்ளம், பிள்ளையும் அப்படித்தான்" என்பார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் இந்தியா, ஓமான், கானா, நோர்வே உட்பட ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து உருவானது. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் ஐந்து வயதுவரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரேமாதிரிதான் உயர்கிறார்கள். இலங்கையின் 2016 கணக்கெடுப்பிலோ வயதுக்கேற்ற உயரமில்லாத சிறுவர் நாடளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இதைப் பரம்பரை என்று தள்ளிவிட முடியுமா?

தராசு நிறையைத்தான் சொல்லும். பிள்ளை எப்போது இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசியது, எந்த விளையாட்டில் ஒன்றிப்போகிறது என்பதை வீட்டார்தான் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒப்பிட்டுக் கவலைப்படுவோமே என்றால், தனியே நடப்பதற்கே எட்டு மாதம் முதல் ஏறக்குறைய பதினெட்டு மாதம்வரை இயல்புதான். நாவலப்பிட்டித் தோட்டங்களில் கொழுந்து நிறுத்துவிட்டு அந்தியில் லயத்துக்குத் திரும்பும் தாய்க்கு எழுத நேரமேது என்பது நியாயமான கேள்வி. மாதம் ஒரு வரி போதும். பள்ளிக்கூடம் போகும் அக்காவே எழுதலாம், பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டும் எழுதலாம். அடுத்த கிளினிக்கில் தடுப்பூசிப் பக்கத்தோடு அந்த வரிகளையும் திறந்து காட்டுங்கள்.