கடலூர்ல ஒரிஜினல் சிடி எங்க கிடைக்கும்?

இந்த எபிசோடு உங்க கேள்வியில இருந்துதான் வந்தது. கொஞ்ச நாளா ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டுட்டு இருக்கீங்க. ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல கார் வாங்கியிருக்கார். அதுல சிடி ப்ளேயர் இருக்கு, போட்டுக் கேக்க ஒரு சிடிகூட வீட்டுல இல்லை. இன்னொருத்தங்க கே-பாப் ரசிகை. போட்டோகார்டுக்காக ஆல்பம் வாங்க ஆரம்பிச்சு, "இதே மாதிரி நம்ம தமிழ்ப் பாட்டையும் கையில வச்சுக்கணும்போல இருக்கு"ன்னு எழுதியிருந்தாங்க. ரெண்டு பேரோட கேள்வியும் ஒண்ணுதான். நம்ம ஊர்ல ஒரிஜினல் சிடி விக்கிற நல்ல கடை எங்க இருக்கு?

எனக்கு நம்ம ஊர்னா கடலூர், அதுலயும் செம்மண்டலம். அதனால அங்க இருந்து சிதம்பரம் வரைக்கும் நான் தேடிப் பார்த்ததைச் சொல்றேன். மத்த ஊர்க்காரங்களும் கேளுங்க. சின்ன ஊர் எல்லாத்துலயும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

முதல்லயே சொல்லிடறேன். சிடிக்குன்னே போர்டு வச்ச கடை எதுவும் செம்மண்டலத்துலயோ மஞ்சக்குப்பத்துலயோ திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுலயோ இன்னைக்கு என் கண்ணுல படலை. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்ல இருந்த மியூசிக் வேர்ல்டு 2013-ல மூடிட்டாங்க. மும்பையில பல தலைமுறை பார்த்த ரிதம் ஹவுஸ் 2016-ல மூடிட்டாங்க. அவ்வளவு பெரிய கடைகளே நிக்கலைன்னா லாரன்ஸ் ரோடு என்ன பண்ணும்?

இன்னொண்ணும் உண்மை. நம்ம மாதிரி ஊர்கள்ல பாட்டுக் கடைன்னா அது ரெக்கார்டிங் சென்டர்தான். ஒரு பேப்பர்ல நமக்குப் பிடிச்ச பாட்டை எல்லாம் வரிசையா எழுதிக் குடுப்போம். டிடிகே 60 வேணுமா 90 வேணுமான்னு கேப்பாங்க. மூணு நாள் கழிச்சுப் போனா கேசட் ரெடியா இருக்கும், பாட்டுப் பேரை எல்லாம் அழகான கையெழுத்துல எழுதித் தருவாங்க. அப்புறம் அதே கடை எம்பி3 சிடி போட்டுத் தர ஆரம்பிச்சது. ஒரே சிடியில நூத்தைம்பது பாட்டு. அதுக்கும் அப்புறம் மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுத்தாங்க. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்ததும் அந்த வேலையும் போச்சு. இப்போ அதே கதவுக்குப் பின்னாடி டெம்பர்டு கிளாஸ் ஒட்டிட்டு இருக்காங்க. ஒரிஜினல் சிடிங்கிறது எங்க ஊருக்குக் கொஞ்சம் லேட்டா வந்து, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போன விருந்தாளி மாதிரிதான்.

ஆனா அந்தக் கொஞ்ச நாள்ல வித்த சிடி எல்லாம் எங்கேயோ இருக்கணும் இல்லையா? அது எங்கன்னு தேடறதுதான் இப்போ வேலை.

சிதம்பரத்துல இருந்து ஆரம்பிங்க. பாட்டுக்கு அது சாதாரண ஊர் இல்லை. 1929-லயே அங்க இசைக் கல்லூரி வந்துடுச்சு, அதுதான் பின்னாடி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. 1941-ல தமிழிசை மாநாடு நடந்ததும் அண்ணாமலை நகர்லதான். 'நந்தனார்' படத்துல நடிச்சுப் பாடின தண்டபாணி தேசிகர் அந்தப் பல்கலைக்கழகத்துல இசைத்துறைத் தலைவரா இருந்தவர். 'பராசக்தி'யில சிவாஜிக்குக் குரல் குடுத்த சி.எஸ். ஜெயராமன் அந்த ஊர்க்காரர், பேர்லயே சிதம்பரம் இருக்கு. கலைஞரோட முதல் மனைவி பத்மாவதி அவரோட தங்கச்சிங்கிறது கூடுதல் தகவல்.

இப்படிப்பட்ட ஊர்ல கோயிலைச் சுத்தி இருக்கிற நாலு வீதியிலயும் பூஜை சாமான் கடை, பக்திப் புத்தகக் கடைன்னு வரிசையா இருக்கு. உள்ள போயி "சிடி இருக்கா?"ன்னு மொட்டையா கேட்டா பாதி பேர் இல்லைன்னுதான் சொல்வாங்க. "பழைய ஸ்டாக் ஏதாவது உள்ள கிடக்காண்ணே, தேவாரம், திருவாசகம் எதுன்னாலும் பரவாயில்லை"ன்னு கேட்டுப் பாருங்க. ஊதுபத்தி அட்டைப்பெட்டிக்குக் கீழ இருந்து ஒரு டப்பா வெளிய வரும். இளையராஜாவோட திருவாசகம் ஆல்பம் எனக்கு அப்படித்தான் கிடைச்சது. 2005-ல வந்தது, ஆறு பாட்டு, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல நடராஜரே உக்காந்து எழுதினார்னு சொல்ற ஊர்ல, அந்த சிடி மேல விபூதி வாசனையோட கிடைச்சது எனக்குப் பிடிச்சிருந்தது.

கடலூர்க்காரங்களுக்கு பாண்டிச்சேரி பக்கம்தான். ஆசிரமத்தோட சப்தா புத்தகக் கடையில சுனிலோட இசை மாதிரி அவங்க வெளியீடுகள் இருக்கும். கர்நாடக இசை, பக்திப் பாட்டுன்னா மயிலாப்பூர் கிரி டிரேடிங் இன்னும் நம்பிப் போகலாம். சென்னை போற வேலை இருந்தா ஒரு நடை போயிட்டு வாங்க.

இப்போ யாரும் சொல்லாத இடம் ஒண்ணு சொல்றேன். சவுண்ட் சர்வீஸ். மைக் செட் கடை.

யோசிச்சுப் பாருங்க, ஒரு சின்ன ஊர்ல அதிகமா பாட்டு காசு குடுத்து வாங்கினது யாரு? நம்ம வீடு இல்லை. ஆடி மாசம் கூழ் ஊத்தறதுக்கு எல்.ஆர். ஈஸ்வரி, மார்கழியில விடியக்காலம் சீர்காழி கோவிந்தராஜன், கல்யாண வீட்டுக்கு நாகஸ்வரம், கட்சிக் கூட்டத்துக்கு நாகூர் ஹனிபா. எல்லாம் கையில இருந்தாகணும். எழுதின சிடி பாதியில நின்னுடுச்சுன்னா கோயில் தர்மகர்த்தா விட மாட்டார். அதனால விவரமான மைக் செட்காரங்க ஒரிஜினலா வாங்கி வச்சாங்க. கூம்பு ஸ்பீக்கர் பக்கத்துல பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருப்பாங்க.

கடலூர்ல அப்படி ஒருத்தர்கிட்ட போனேன். பேர் வேண்டாம்னு சொல்லிட்டார். அம்பது வயசுக்கு மேல இருக்கும். "தம்பி, நீ கேக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா மூணு மூட்டை இருந்தது. காயலான் கடைக்காரன் எடைக்குப் போட்டு எடுத்துட்டுப் போயிட்டான்"னார். மிச்சம் ஒரு மூட்டை இருந்துச்சு. அதைத் தரையில கொட்டினார்.

அந்த மூட்டையில முக்கால்வாசி சிடிக்கு உறையே இல்லை. 2015 நவம்பர் மழை வெள்ளம் கடலூரை என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவரோட ஷெட்டுல இடுப்பளவு தண்ணி. சிடிங்கிறது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், தண்ணி பட்டா சட்டுனு ஒண்ணும் ஆகாது. கழுவிக் காய வச்சா பாடிடும். ஆனா காகிதம் கூழாப் போயிடுச்சு. பின் அட்டை, உள்ள மடிச்சு வச்ச சின்ன புத்தகம் எல்லாமே போச்சு.

அட்டை போனா என்னன்னு நீங்க கேக்கலாம், பாட்டுதான் இருக்கேன்னு. ஒரு கச்சேரி சிடி எடுத்துப் பின்பக்கம் பாருங்க. யார் வயலின், யார் மிருதங்கம், கடம் உண்டா, என்ன ராகம், என்ன தாளம், எந்த வருஷம் எந்த சபாவுல பதிவு பண்ணினது, எல்லாம் அச்சுல இருக்கும். சார்சூர் மாதிரி நிறுவனங்கள் டிசம்பர் சீசன் கச்சேரியை அப்படியே நேரடிப் பதிவா போட்டாங்க. ஒரு சிடியில 74 நிமிஷத்துக்கு மேலயே பிடிக்கும், அதனால ராகம் தானம் பல்லவியை கேசட் மாதிரி பாதியில அறுத்து பி பக்கத்துக்குத் திருப்ப வேண்டியது இல்லை. இப்போ அதே பதிவை ஆப்ல திறங்க. பாடகர் பேர் இருக்கும். பல நேரத்துல மிருதங்கம் வாசிச்சவர் பேர் எங்கேயும் இருக்காது. ஒன்றரை மணி நேரம் ஒரு மனுஷன் வாசிச்சிருக்கார், தனி ஆவர்த்தனம் பண்ணியிருக்கார், அவர் யாருன்னே தெரியாது. சிடி வாங்குறப்போ நான் சவுண்டு குவாலிட்டிக்குக் குடுக்கிற காசைவிட அந்த அட்டைக்குக் குடுக்கிற காசுதான் அதிகம்னு நினைக்கிறேன். பழைய சிடியில விலை பேசும்போதும் அட்டை இருக்கான்னுதான் முதல்ல பாக்கறேன்.

ஆப்பை மட்டும் நம்ப முடியாதுங்கிறதும் நீங்க அனுபவிச்சதுதான். 2023 மார்ச்ல ஜீ மியூசிக் பாட்டெல்லாம் ஸ்பாட்டிஃபைல இருந்து போச்சு. அடுத்த வருஷம் விங்க் ஆப்பையே மூடினாங்க. ப்ளேலிஸ்ட் போட்டு வச்சவங்க எல்லாம் திருதிருன்னு முழிச்சாங்க.

சரி, மூட்டை கிடைச்சா எதை எடுக்கிறது? முதல்ல அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. கம்பெனியில அச்சடிச்ச சிடி வெள்ளி நிறத்துல பளபளன்னு இருக்கும். பச்சை, நீலம், ஊதா சாயல் தெரிஞ்சா யாரோ கம்ப்யூட்டர்ல எழுதினதா இருக்கத்தான் அதிக வாய்ப்பு, அந்தச் சாயம் வருஷம் போகப் போக மங்கிடும். நடு ஓட்டையைச் சுத்தி வெளிச்சத்துல காட்டினா பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், சிலதுல ஐ-எஃப்-பி-ஐ-ன்னும் இருக்கும். அந்தக் குறியீடு 1994-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி வந்த நல்ல சிடியில அது இருக்காது, அதைப் பார்த்து ஒதுக்கிடாதீங்க. முக்கியமா 80-கள் கடைசியில நியூயார்க்கோட ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் போட்ட இளையராஜா சிடிகள். 'ஹவ் டு நேம் இட்', 'நத்திங் பட் விண்ட்' எல்லாம் அந்தப் பேர்ல கண்ணுல பட்டா பேரம் பேசாம எடுத்துடுங்க.

அட்டையில "நூறு பாடல்கள்"னு இருந்தா அது எம்பி3. பெரும்பாலும் நொடிக்கு 128 கிலோபிட். ஆடியோ சிடியில அதே ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட். பழைய கார் ப்ளேயர் சிலது எம்பி3 சிடியைப் படிக்கவும் படிக்காது, கார் வாங்கின நண்பர் இதை ஞாபகம் வச்சுக்கணும்.

கீறல் பத்தி எல்லாரும் தப்பான பக்கத்தைத்தான் பாக்கறாங்க. அடிப்பக்கம் லேசா கீறல் இருந்தா பெரும்பாலும் பாடிடும். படம் போட்ட மேல்பக்கம்தான் ஆபத்து. பாட்டு பதிஞ்ச அலுமினியப் படலம் அந்தப் பக்கத்துலதான் இருக்கு, அதுக்கு மேல மெல்லிசா ஒரு பூச்சு, அவ்வளவுதான். அங்க ஆழமா கீறினா, பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதினா, ஸ்டிக்கரை ஒட்டிப் பிச்சா பாட்டே போச்சு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஊசி ஓட்டை மாதிரி வெளிச்சம் வந்தா அதை வச்சுடுங்க. தேவனாம்பட்டினம் பக்கம் கடல் காத்துல கிடந்த பெட்டியில இது நிறைய பார்த்தேன். துடைக்கும்போது நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க, வட்டமா தேய்க்காதீங்க. டூத்பேஸ்ட் வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

அந்த மூட்டையில இருந்து பத்தொன்பது சிடி எடுத்தேன். ஒண்ணு முப்பது ரூபாய்னு பேசி முடிச்சோம். காசு வாங்கிட்டு அவர் போகச் சொல்லலை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டு ஒவ்வொண்ணா ஓட விட்டார். உறை இல்லாததை எல்லாம் காதாலயே சொன்னார். "இது சீர்காழி, இது ஏ.வி.எம்.ல போட்டது. இது சூலமங்கலம் சகோதரிகள்." நான் மார்க்கர் பேனாவால டப்பா மேல எழுதிக்கிட்டே வந்தேன். அவரோட அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எந்தக் கடையும் ஈடாகாது. அவருக்கு அடுத்து அந்தத் தொழிலுக்கு ஆள் இல்லை, பையன் ஓசூர்ல வேலை பாக்கறார். ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லி இடத்துக்காரர் சொல்லியாச்சாம். இன்னும் கேசட் பெட்டி நாலு மேல பரண்ல இருக்கு.

பத்தொன்பதுல ஒண்ணு மட்டும் அவருக்கும் தெரியலை. நாகஸ்வரம். மேல வெறும் வெள்ளை, ஒரு பிள்ளையார் படம், "காணிக்கை"ன்னு ஒரு வார்த்தை. யாரோ ஒரு வித்வான் சொந்தக் காசுல போட்டு, கோயில்ல குடுத்திருக்கணும். வாசிப்பு அபாரமா இருக்கு, தவில்காரர் அதுக்கும் மேல. ஆப்ல பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற வசதியை எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் வரலை. அடுத்த வாரம் அண்ணாமலை நகர் போறேன், இசைத்துறையில நாகஸ்வரம் சொல்லித் தர்றவங்க யாராவது கேட்டுச் சொல்வாங்களான்னு பாக்கணும். நிகழ்ச்சி முடிஞ்சதும் அதுல இருந்து முப்பது செகண்ட் போடறேன். உங்க வீட்டுல, சொந்தத்துல நாகஸ்வரம், தவில் வாசிக்கிறவங்க இருந்தா, அவங்களுக்குப் போட்டுக் காட்டி யாருன்னு கேட்டு எழுதுங்க.